ஓபி சீட்டுல இல்லாத திங்கட்கிழமை

"சி/ஓ இருமல் 3 வாரம். எஸ்ஓபி +. எஸ்பிஓ2 95% ஆர்ஏ. ஆர்எஸ்: பி/எல் ஏஇ +, ராங்கை +. ?பிடிபி, ?சிஓபிடி. சிஎக்ஸ்ஆர், ஏஎஃப்பி, சிபிநாட், பிஎஃப்டி."

என்ன பாஷை இது?

வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம்... இந்தப் பக்கம் எந்த ஆஸ்பத்திரிக்கு நெஞ்சுச் சளின்னு போனாலும் சீட்டு ஏறக்குறைய இந்த மாதிரிதான் வரும். (மேல உள்ளது எந்த ஒரு ஆளோட சீட்டும் இல்ல. வழக்கமா எழுதுறத ஒண்ணாச் சேர்த்தது.) வ. புதுப்பட்டியில காலையில பஸ் ஏறி, வரிசையில நின்னு, டாக்டரப் பார்த்துட்டு வர்ற ஒருத்தர் கையில அந்தக் காகிதம் இருக்கு. எக்ஸ்ரே ரூம்ல படிக்கிறாங்க. சளி டெஸ்ட் எடுக்கிறவங்க படிக்கிறாங்க. மருந்து குடுக்கிறவங்க படிக்கிறாங்க. யாரோட நெஞ்சோ, அவங்களுக்கு மட்டும் படிக்கத் தெரியாது.

இது எரிச்சலான விஷயம். டாக்டர் மேல கோபப்படவும் முடியல. ஒரு காலையில அத்தனை பேரப் பார்க்கணும்னா சுருக்கி எழுதித்தான் ஆகணும். ஆனா ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால, உங்க உடம்புல எடுத்த ஒரு அளவு இருக்கு. அதத் தெரிஞ்சிக்கிறது உங்க உரிமை. இன்னொண்ணும் இருக்கு. இந்தப் பக்கத்து ஆளுங்க டாக்டர்கிட்ட அவசியம் சொல்ல வேண்டிய ஒரு தகவல், அந்த எழுத்து எதுலயும் அடங்காது. அதுக்குக் கடைசியில வருவோம்.

முதல்ல சுலபமானது. "சி/ஓ"ன்னா நீங்க சொன்ன தொந்தரவு. "எஸ்ஓபி"ன்னா மூச்சு வாங்குது. "ஆர்எஸ்" மூச்சு மண்டலம். "சிஎக்ஸ்ஆர்" நெஞ்சு எக்ஸ்ரே. "ஏஇ"ன்னா நுரையீரலுக்குள்ள காத்துப் போகுதாங்கிறது, "பி/எல்" ரெண்டு பக்கமும். "என்விபிஎஸ்"னு எழுதியிருந்தா சந்தோஷம், மூச்சுச் சத்தம் வழக்கம்போல இருக்குன்னு அர்த்தம். "ராங்கை"ன்னா இழுப்புச் சத்தம், "கிரெப்ஸ்"னா நொறு நொறுன்னு கேட்கிற சத்தம்.

இந்தச் சத்தங்களுக்கெல்லாம் பேரு வச்சு வகைப்படுத்தினவர் ரெனே லென்னக்னு ஒரு பிரெஞ்சு டாக்டர். 1816ல பாரிஸ்ல, ஒரு இளம்பெண்ணோட நெஞ்சுல நேரா காது வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தச் சுருட்டி வச்சுக் கேட்டார். அதுதான் ஸ்டெதஸ்கோப். அதுக்கப்புறம் பத்தே வருஷம்தான் இருந்தார். 45 வயசுல காசநோய் அவரக் கொண்டுபோயிடுச்சு.

அடுத்தது எஸ்பிஓ2. கொரோனா வந்த பிறகு இத யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டாம். விரல்ல மாட்டுற கிளிப். சிவப்பு வெளிச்சம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் ரெண்டையும் விரல் வழியா அனுப்பி, ரத்தம் எத எவ்வளவு உறிஞ்சுதுன்னு பார்த்து ஆக்ஸிஜன் கணக்குச் சொல்லும். 1970கள்ல ஜப்பான்ல தகுவோ அயோயாகிங்கிற பொறியாளர் கண்டுபிடிச்ச வழி. அவர் இறந்தது 2020 ஏப்ரல். உலகமே அந்தக் கிளிப்பத் தேடி அலைஞ்ச சமயம்.

பக்கத்துல "ஆர்ஏ"ன்னு போட்டா, ஆக்ஸிஜன் குழாய் இல்லாம சாதாரணக் காத்துல எடுத்த அளவுன்னு அர்த்தம். (அதே ரெண்டு எழுத்து மூட்டு வாதத்துக்கும் உண்டு. பார்த்ததும் பயப்பட வேண்டாம்.) விரல்ல மருதாணி, நகப்பூச்சு இருந்தாலோ, விரல் சில்லுன்னு இருந்தாலோ அளவு தப்பா வரலாம். தோல் கறுப்பா இருக்கிறவங்களுக்கு இந்தக் கருவி நிஜ அளவ விடக் கூட்டிக் காட்டுறது உண்டுன்னு 2020ல அமெரிக்காவுல வந்த ஆய்வு சொல்லுது. வெயில்ல வேலை பார்க்கிற நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது முக்கியம். மெஷின் 95 காட்டுது, ஆனா ஆளு பேச முடியாம மூச்சு வாங்குறார்னா, மெஷின விட ஆளத்தான் நம்பணும்.

இதுலயே இன்னொரு சிக்கல். சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிப்போற நாள்பட்ட நுரையீரல் நோய், முத்தின பெரியவருக்கு 90 காட்டும். "காத்தக் கூட்டி வைங்க சிஸ்டர்"னு சொந்தக்காரங்க சத்தம் போடுவாங்க. ஆனா அப்படிப்பட்டவங்கள்ல சிலருக்கு ஆக்ஸிஜனக் கண்டபடி கூட்டினா ரத்தத்துல கரியமில வாயு ஏறி மயக்கத்துல தள்ளிடும். அதனாலதான் அவங்களுக்கு 88ல இருந்து 92 போதும்னு டாக்டருங்க நிறுத்தி வைக்கிறாங்க. அத அலட்சியம்னு நினைச்சிடக் கூடாது.

இப்ப பிடிபி. நுரையீரல் காசநோய். முன்னால ஒரு கேள்விக்குறி இருக்கு பாருங்க. "இருக்குமோன்னு சந்தேகம், இன்னும் முடிவாகல"ன்னு அர்த்தம். அந்தக் கேள்விக்குறி போறதுக்கு முன்னாடியே வீட்டுல தட்டு, டம்ளர் தனியாகிடுது. காசநோய் தட்டு, டம்ளர் மூலமாப் பரவாது. இருமல்ல வர்ற காத்து மூலமாத்தான் பரவும்.

"ஏஎஃப்பி" சளிய மைக்ராஸ்கோப்ல பார்க்கிறது. 1+, 2+, 3+ன்னு வரும். கண்ணாடியில எவ்வளவு கிருமி தெரிஞ்சதுங்கிற எண்ணிக்கைக் குறி அது. மூணாவது ஸ்டேஜ்னு அர்த்தம் கிடையாது.

"சிபிநாட்" கிருமியோட மரபணுவத் தேடுற டெஸ்ட். மெஷின்ல ஏத்தினா ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்துல முடிவு வந்துடும். அந்தத் தாளத்தான் எல்லாரும் கவனமாப் படிக்கணும், ஏன்னா முடிவு ரெண்டு துண்டா இருக்கும். "எம்டிபி டிடெக்டட். ரிஃப் ரெசிஸ்டன்ஸ் நாட் டிடெக்டட்." கடைசியில இருக்கிற "நாட் டிடெக்டட்" மட்டும் கண்ணுல பட்டு, ஒண்ணுமில்லன்னு வீட்டுக்குப் போயிட்டா ஆபத்து. முதல் துண்டு சொல்றது: காசநோய்க் கிருமி இருக்கு. ரெண்டாவது துண்டு சொல்றது: ரிஃபாம்பிசின் மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும். ஆக, நோய் இருக்கு, வழக்கமான மருந்துலயே குணமாகும். நல்ல சேதியும் கெட்ட சேதியும் ஒரே தாள்ல.

மருந்துக்கும் எழுத்துதான். ஹெச், ஆர், இசட், இ. நாலும் சேர்ந்து ரெண்டு மாசம், அப்புறம் இசட் இல்லாம மூணும் நாலு மாசம். முன்னாடி வாரத்துக்கு மூணு நாள் குடுத்தாங்க, 2017ல இருந்து தினமும் ஆக்கிட்டாங்க. "ஆர்"ங்கிற ரிஃபாம்பிசின் சாப்பிட்டா ஒண்ணுக்கு ஆரஞ்சு நிறத்துல போகும். ரத்தம்னு பயந்து மாத்திரைய நிறுத்திடாதீங்க. "இ"ங்கிற எத்தாம்பூட்டால் சாப்பிடுறப்ப கண்ணு மங்கினாலோ, சிவப்பு பச்சை குழம்பினாலோ அன்னைக்கே போய்ச் சொல்லணும். "என்பிஒய்"னு கேட்டிருப்பீங்க, சத்துணவுக்கு மாசாமாசம் பேங்க்ல வர்ற பணம். 2018ல 500 ரூபாயாத் தொடங்கி, 2024 நவம்பர்ல இருந்து 1,000 ரூபாய். வரலைன்னா கேட்டு வாங்கணும்.

இந்த மாத்திரைய வீட்டுல இருந்தே சாப்பிடலாம்னு உலகத்துக்குக் காட்டினது நம்ம சென்னைதான். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் காலத்துல காசநோய்னா சானடோரியம். 1928ல டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்துல தொடங்கினாரே, அது மாதிரி. நல்ல காத்து, ஓய்வு, சத்தான சாப்பாடு, மாசக்கணக்குல படுக்கை. பெட் கிடைக்காதவங்க கதி? 1956ல சென்னையில காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கினாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்த வேலை. வாலஸ் ஃபாக்ஸ்ங்கிற டாக்டர் முன்னால நின்னார். நோயாளிங்கள ரெண்டாப் பிரிச்சு, பாதிப் பேருக்கு சானடோரியத்துல மருந்து, மீதிப் பேருக்குச் சென்னையோட நெருக்கடியான வீடுகள்லயே அதே மருந்து. ஒரு வருஷம். வீட்டுல இருந்தவங்களுக்குச் சாப்பாடு குறைச்சல், ஓய்வும் குறைச்சல்.

1959ல முடிவு வந்துச்சு. ரெண்டு பக்கமும் குணமானது ஏறக்குறைய சமம். வீட்டுல வச்சிருந்ததால கூட இருந்தவங்களுக்கு நோய் அதிகமா ஒட்டவும் இல்ல. உலகம் முழுக்க சானடோரியத்துக்குத் தேவை குறைஞ்சதுக்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். கண்ணு முன்னால மாத்திரையப் போட வைக்கிற "டாட்ஸ்" முறைக்கும் வேர் அங்கதான். நெருக்கடியான வீடுகள்ல படுத்திருந்த அந்த மக்களோட ஒத்துழைப்பாலதான் இன்னைக்கு வ. புதுப்பட்டிக்காரர் தன் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து மாத்திரை சாப்பிட முடியுது.

தமிழ்நாடு 2022ல இன்னொரு நல்ல காரியமும் பண்ணுச்சு. காசநோய் இறப்பில்லாத் திட்டம். நோய் கண்டுபிடிச்ச உடனேயே சில விஷயங்களப் பார்த்துடுறாங்க: உயரத்துக்கு ஏத்த எடை இருக்கா, காலு வீங்கியிருக்கா, மூச்சு நிமிஷத்துக்கு 24க்கு மேல போகுதா, ஆக்ஸிஜன் 94க்குக் கீழ இருக்கா, பிடிக்காம தானா நிக்க முடியுதா. இதுல மோசமா இருக்கிறவங்கள வீட்டுக்கு அனுப்பாம உடனே ஆஸ்பத்திரியில சேர்க்கணும். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். எடை மெஷின், கிளிப், கடிகாரம், கண்ணு போதும். இந்தத் திட்டத்தப் பத்தி ஊர் ஊராப் பேசணும்.

சரி, சளி டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வச்சுக்குவோம். அடுத்தது "பிஎஃப்டி". ஊர் பேச்சுல ஊதுற டெஸ்ட்.

மூக்குல கிளிப்பு, வாயில குழாய். மூச்ச முழுசா இழுத்து, ஒரே வேகத்துல வெளிய தள்ளணும். டெக்னீஷியன் பக்கத்துல நின்னு "ஊது, ஊது, ஊது, விடாதீங்க, இன்னும், இன்னும்"னு கத்துவாங்க. அது திட்டு இல்ல. ஆறு செகண்டாவது ஊதினாத்தான் அளவு சரியா வரும். பொம்பளையாளுங்க பல பேரு வெக்கப்பட்டு மெதுவா ஊதுறாங்க. அப்ப நல்லா இருக்கிற நுரையீரலும் கெட்டுப்போன மாதிரி தாள்ல வந்துடும். வெக்கத்த வெளிய விட்டுட்டு ஊதுங்க.

தாள்ல ரெண்டு எண்ணு முக்கியம். "எஃப்விசி"ங்கிறது மொத்தமா வெளிய தள்ளின காத்து. "எஃப்இவி1"ங்கிறது அதுல முதல் செகண்ட்ல வந்த காத்து. மூணு லிட்டர் ஊதுற ஒருத்தர் முதல் செகண்ட்லயே ரெண்டே கால் லிட்டரத் தள்ளிட்டார்னா சரி, அது 75 சதவீதம். ஒன்றரை லிட்டர்தான் வந்துச்சுன்னா? 50 சதவீதம். வாய் குறுகின பாட்டில்ல இருந்து தண்ணி கொட்டுற மாதிரி, உள்ள காத்து இருக்கு, குழாய் சுருங்கினதால வெளிய வர நேரமாகுது. மருந்து இழுக்க வச்சுத் திரும்பவும் ஊதச் சொல்வாங்க. 12 சதவீதமும் 200 மில்லியும் கூடுச்சுன்னா ஆஸ்துமா பக்கம் யோசிப்பாங்க. மருந்துக்குப் பிறகும் 70 சதவீதத்துக்குக் கீழயே நின்னா சிஓபிடி.

இந்த ஊதுற மெஷினோட மூதாதையச் செஞ்சவர் ஜான் ஹட்சின்சன்னு லண்டன் டாக்டர். 1846ல ரெண்டாயிரம் பேருக்கு மேல ஊத வச்சு அளவெடுத்து வெளியிட்டார். முதல் செகண்ட் கணக்கு அதுக்கு நூறு வருஷம் கழிச்சுத்தான் வந்துச்சு, 1947ல, பிரான்ஸ்ல.

சிஓபிடின்னு எழுதினதும் முதல் கேள்வி: "பீடி, சிகரெட் உண்டா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா புகையே பிடிக்காத அம்பது வயசு அம்மாவுக்கும் இதே நாலெழுத்து வருதே? தென்னை மட்டை, பருத்திமார், கருவேல விறகுன்னு முப்பது வருஷம் அடுப்பு ஊதினவங்க. விறகுப் புகையும் சிஓபிடிக்கு நேரடிக் காரணம். பழைய காசநோய் விட்டுட்டுப் போன தழும்பும் காரணமாகும். இதச் சீட்டுல யாராவது எழுதணும்னா, நாமதான் வாய் திறந்து சொல்லணும்.

"எம்எம்ஆர்சி"ன்னு ஒரு அளவு உண்டு, 0ல இருந்து 4 வரைக்கும். மேட்டுல ஏறினா மட்டும் வாங்குதுன்னா 1. ஒத்த வயசுக்காரங்களோட சேர்ந்து நடக்க முடியலன்னா 2. நூறு மீட்டர் நடந்துட்டு நிக்கணும்னா 3. சேலை கட்டவே மூச்சு வாங்குதுன்னா 4. இது எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க நுரையீரல ஆராய்ச்சி பண்ண சார்லஸ் ஃப்ளெட்சர்ங்கிற டாக்டர் உருவாக்கின கேள்விகள். வேலை கெடுத்த நுரையீரல அளக்கப் பிறந்த அளவு, இன்னைக்கு வேலையப் பத்தியே கேட்காம நம்ம சீட்டுல நிக்குது.

அங்கதான் மனசு கேட்க மாட்டேங்குது.

ராஜபாளையம் பஞ்சுல எழுந்த ஊர். 1936ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் தொடங்கினதுல இருந்து நூற்பாலைங்க வரிசையா வந்துச்சு. பக்கத்துல சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். ஆஸ்பத்திரிங்கள்ல புண்ணுக்குக் கட்டுற துணி நெய்யுற இடம். சுத்துப்பட்டியில இருந்து மில்லுக்கு ஷிப்ட் போறவங்க ஏராளம். அப்படிப்பட்ட பூமியில, பஞ்சுத் தூசியால வர்ற நுரையீரல் நோயோட பேரு எத்தனை பேருக்குத் தெரியும்?

பிஸ்ஸினோசிஸ். இதுக்குச் சுருக்கெழுத்து புழக்கத்துல கிடையாது. பேரு வச்சவர் 1877ல பிரெஞ்சு டாக்டர் அட்ரியன் புரூஸ்ட், நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட்டோட அப்பா. (அந்த மகனுக்குக் காலம் பூரா ஆஸ்துமா.)

பஞ்சோட சேர்ந்து வர்ற இலைத்துண்டு, பூவடிச் செதில், அதுல ஒட்டியிருக்கிற பாக்டீரியாவோட நச்சு, இதெல்லாம் தூளாகி மூச்சுல போகுது. மில்லுல பஞ்ச உடைச்சுப் பிரிக்கிற ப்ளோரூம், சிக்கெடுக்கிற கார்டிங் ரெண்டும்தான் மோசமான இடம். சிம்ப்ளக்ஸ், ஸ்பின்னிங், கோன் வைண்டிங்னு போகப் போகத் தூசி குறையும். இப்ப பெரிய மில்லுங்கள்ல தூசி உறிஞ்சுற ஏற்பாடு நல்லாவே இருக்கு, பழைய நிலைமை இல்லங்கிறதயும் சொல்லணும். கழிவுப் பஞ்ச ஓட்டுற சின்ன யூனிட்டுங்க கதை வேற.

இந்த நோயோட அடையாளம் விசித்திரமானது. வார லீவு முடிஞ்சு வேலைக்கு வந்த முதல் நாள் நெஞ்சு இறுக்கமாகும், மூச்சு வாங்கும். மறுநாள் குறையும். அடுத்த வாரம் திரும்பவும். இங்கிலாந்துல திங்கட்கிழமை நோய்னே சொன்னாங்க. மான்செஸ்டர் டாக்டர் ரிச்சர்ட் ஷில்லிங் 1950கள்ல லங்காஷயர் மில்லுங்கள்ல அலைஞ்சு இதுக்குப் படிநிலை வகுத்தார். முதல் நாள் எப்பவாவது இறுக்கம்னா அரை. ஒவ்வொரு முதல் நாளும்னா 1. மத்த நாளும் தொடர்ந்தா 2. நிரந்தரமா மூச்சுத் திறன் போயிட்டா 3. அரையிலயும் ஒண்ணுலயும் தூசிய விட்டு விலகினா ஆளு பிழைச்சுக்கலாம். மூணுக்குப் போனா, சாதாரண சிஓபிடில இருந்து பிரிச்சுச் சொல்றதே கஷ்டம். எக்ஸ்ரேயிலயும் இதுக்குன்னு தனி அடையாளம் தெரியாது.

அப்ப எதவச்சுக் கண்டுபிடிக்கிறது? கேள்வி கேட்டுத்தான். என்ன வேலை, எந்த டிபார்ட்மென்ட், எத்தனை வருஷம், எந்த நாள்ல இறுக்குது.

நம்ம ஊருக்கு ஒரு திருத்தம் வேணும். இங்க பல மில்லுங்கள்ல வார லீவு ஆளுக்கு ஒரு நாள். புதன்கிழமை லீவுன்னா வியாழக்கிழமைதான் அவருக்குத் திங்கட்கிழமை. "திங்கட்கிழமை கஷ்டமா இருக்கா?"ன்னு கேட்டா அவர் உண்மையாவே "இல்ல"ம்பார். "லீவு முடிஞ்ச மறுநாள் எப்படி இருக்கு?"ன்னு கேட்கணும்.

சட்டம் இந்த நோய மறக்கல. 1948ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தோட மூணாவது அட்டவணையில, டாக்டர் பார்த்தா அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள்ல ஒண்ணா இது இருந்துச்சு. அதே வருஷத்து இஎஸ்ஐ சட்டத்தோட அட்டவணையிலயும் பஞ்சுத் தூசி நோய் தொழில் நோயா வந்துச்சு. ஆனா சீட்டுல வெறும் "சிஓபிடி"ன்னோ "பிஏ"ன்னோ (ஆஸ்துமாவுக்கு அந்த ரெண்டெழுத்து) மட்டும் இருந்தா, இத வேலை குடுத்த நோய்னு காட்ட அந்த மனுஷன் கையில என்ன இருக்கு?

அமெரிக்கா 1978ல பஞ்சுத் தூசிக்கு வரம்பு போட்டுச்சு. நூற்கிற இடத்துல ஒரு கன மீட்டர் காத்துக்கு 200 மைக்ரோகிராம், நெய்யுற இடத்துல 750. மில்லுக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 1981ல உச்ச நீதிமன்றம் விதிய உறுதி பண்ணுச்சு. அந்த விதியில ஒரு டெஸ்ட் முறை இருக்கு: குறைஞ்சது 35 மணி நேரம் தூசிய விட்டு விலகியிருந்து, வாரத்தோட முதல் நாள் வேலைக்குள்ள நுழையுறதுக்கு முன்னால ஒரு தடவை ஊதணும். வேலை தொடங்கி நாலுல இருந்து பத்து மணி நேரத்துக்குள்ள இன்னொரு தடவை ஊதணும். ரெண்டாவது எஃப்இவி1 இறங்கியிருந்தா, தூசி என்ன பண்ணுச்சுங்கிறது எண்ணாவே நிக்கும்.

இங்க ஊதுற மெஷின் மில்லு வாசலுக்கு வரும்னு காத்திருக்க வேண்டாம். "பிஇஎஃப்ஆர்" பார்க்கிற பீக் ஃப்ளோ மீட்டர்னு ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் உண்டு. டாக்டர்கிட்ட கேட்டு வாங்கி, ஊதுற விதத்தக் கத்துக்கிட்டு வாங்க. லீவு நாள்ல ஒரு அளவு, மறுநாள் ஷிப்ட்டுக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணு, ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் மூணு முறை ஊதி, அதுல பெரிய எண்ண எழுதுங்க. தேதி, டிபார்ட்மென்ட் பேரு, ஷிப்ட் நேரம் கூடவே இருக்கட்டும். நாலஞ்சு வாரம் எழுதின அந்த நோட்ட டாக்டர் மேசையில வச்சு, "நான் கார்டிங்ல வேலை பார்க்கிறேன், இதச் சீட்டுல எழுதுங்க"ன்னு கேளுங்க.